முக்குளிப்பானும் பாதிப் பாடம் கேட்ட தவளையும்

முன்பு கிரேக்க நாட்டில், ஓர் ஆலிவ் தோப்பின் நடுவே இருந்த குளத்தில் ஒரு முக்குளிப்பான் பறவை வாழ்ந்தது. நாணலையும் பாசியையும் சேர்த்து, தண்ணீரில் மிதக்கும் கூடு ஒன்றைக் கட்டியிருந்தது. காற்று இழுத்துப் போகாமல் இருக்க, கரையோர நாணலில் மூன்று நீர்க்கொடிகளால் கூட்டைக் கட்டிவைத்திருந்தது. கூட்டுக்குள் நான்கு முட்டைகள்.

அந்தக் கோடையில் குளம் வற்றத் தொடங்கியது. முக்குளிப்பானுக்கு ஒரே கவலை. மேகம் வந்தால், மழை பெய்யாமல் போய்விடுமோ என்று கவலை. மேகம் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று கவலை. பருந்து பறந்தால் கவலை. பறக்காத நாளில், எங்கே ஒளிந்திருக்கிறதோ என்று இன்னும் பெரிய கவலை!

"அக்கா, எதற்கு இப்படி வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாய்? கழுத்து சுளுக்கிக்கொள்ளப் போகிறது!" என்றது பக்கத்துக் கல்லில் படுத்திருந்த தவளை.

"உனக்கென்னப்பா! உனக்கு முட்டையா, குஞ்சா?"

"நான் பாடம் கேட்டவன், அக்கா! நம்மால் ஆகாததைப் பற்றிக் கவலைப்படாதே என்று ஆசான் சொல்லியிருக்கிறார்."

ஆலிவ் மரத்தடியில் தினமும் ஓர் ஆசான், எப்படி வாழ்வது என்று தம் மாணவர்களுக்குச் சொல்லித் தருவார். தவளை ஒருநாளும் தவறாமல் போய் முன்வரிசையில் உட்காரும். முதல் வாக்கியம் முடிந்ததும் அதற்குக் கண் சொக்கிவிடும். ஆனாலும் குளத்தில் தன்னைப் போல் ஞானி இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தது.

இந்தப் பேச்சைக் கரையில் நின்ற நரி கேட்டது. ஒரு காலைச் சேற்றில் வைத்துப் பார்த்தது. கால் புதைந்தது. 'இன்னும் இரண்டு நாள் காய்ந்தால் கூடு வரை நடந்தே போகலாம். அதுவரை இவள் சும்மா இருந்தால் போதும்' என்று கணக்குப் போட்டது.

"தங்கச்சி! தவளையார் எவ்வளவு பெரிய ஞானி! அவர் சொல்வதைக் கேளம்மா. தண்ணீர் வற்றுவதைத் தடுப்பது உன்னால் ஆகிற காரியமா? கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாக இரு!" என்றது நரி.

"அப்படிச் சொல்லுங்கள், அண்ணே!" என்று தவளை மார்பை உப்பிக்கொண்டது.

முக்குளிப்பானும் கண்ணை மூடிப் பார்த்தது. கண்ணுக்குள்ளும் நரிதான் தெரிந்தது.

மறுநாளும் நரி வந்து காலை வைத்துப் பார்த்தது. இந்தமுறை பாதம் மட்டுமே புதைந்தது. சிரித்துக்கொண்டே திரும்பிப் போனது.

முக்குளிப்பானுக்கு உயிரே போய்விட்டது. "தம்பி, ஆசான் அவ்வளவுதான் சொன்னாரா? அப்புறம் ஒன்றும் சொல்லவில்லையா?"

"அப்புறமும் பேசினார். ஆனால்... நான் தூங்கிவிட்டேன்."

"தினமுமா?"

"வெயில் இதமாக இருக்கும், அக்கா!"

முக்குளிப்பானுக்கு ஒரே கோபம். அந்தக் கோபத்திலேயே ஒரு யோசனையும் வந்தது. 'நம்மால் ஆகாதது ஒன்று இருந்தால், நம்மால் ஆவதும் ஒன்று இருக்க வேண்டுமே! மழை என்னால் ஆகாது. வெயில் என்னால் ஆகாது. நரியின் பசியும் என்னால் ஆகாது. ஆனால் இந்தக் கூட்டைக் கட்டியது யார்? நான்தானே! அவிழ்த்து ஆழத்துக்குத் தள்ளிப் போகவும் என்னால் முடியுமே!'

இத்தனை நாளும் வானத்தைப் பார்த்ததில், கண்ணெதிரே இருந்த கட்டுகள் அதற்குத் தெரியவே இல்லை!

உடனே முதல் கொடியைக் கொத்தத் தொடங்கியது. காற்றுக்குப் பயந்து பயந்து இறுக்கிக் கட்டிய கட்டு ஆயிற்றே! முதல் கொடி அறுவதற்குள் பொழுது சாய்ந்தது. மறுநாள் உச்சிவெயிலில்தான் இரண்டாவது அறுந்தது.

மூன்றாவதைக் கொத்தும்போது, சேற்றில் நடந்து நரி வந்தது. கால் புதையவே இல்லை.

"தங்கச்சி, இன்னுமா கண்ணை மூடவில்லை? சரி, முதலில் தவளையாரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு வருகிறேன்!" என்று நாக்கைச் சுழற்றியது.

தவளையின் ஞானமெல்லாம் ஒரு நொடியில் பறந்தது. ஒரே தாவலில் கூட்டுக்குள் வந்து விழுந்தது. "அக்கா, என்னையும் கூட்டிப் போ!"

"ஏறி உட்காராதே! கீழே இறங்கிக் காலால் உதை!"

தவளை தண்ணீரில் குதித்துப் பின்னங்கால்களால் உதைத்தது. முக்குளிப்பான் கடைசிக் கொடியைப் பலங்கொண்ட மட்டும் இழுத்தது. படக்! கொடி அறுந்தது. நான்கு முட்டைகளோடு கூடு நடுக்குளத்துக்கு நகர்ந்தது. அங்கே தண்ணீர் இன்னும் ஆழமாக இருந்தது.

நரி எட்டிப் பாய்ந்தது. தொப்பென்று குழைசேற்றில் கழுத்துவரை விழுந்தது.

"அண்ணே! நாங்கள் தள்ளிப் போவதைத் தடுப்பது உங்களால் ஆகாத காரியம். கவலைப்படாமல் கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாக இருங்கள்!" என்று கூவியது முக்குளிப்பான்.

நரி தட்டுத்தடுமாறிக் கரையேறி, சேறு சொட்டச் சொட்ட ஓடியது.

நாலாம் நாள், யாரும் வானத்தைப் பார்க்காதபோது மழை பெய்தது. நான்கு குஞ்சுகளும் மழையிலேயே வெளியே வந்தன. தவளையும் அன்றுமுதல் நிழலில் நின்றுகொண்டே பாடம் கேட்டது.

நம்மால் ஆகாததை விட்டுவிட்டு, நம்மால் ஆவதை உடனே செய்பவர்களே நிம்மதியாக வாழ்வார்கள்.