லென்ஸ் மூடி

"அப்போ அது வெறும் மறதியா, மேம்?"

செங்கொடி செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"ஆமா. லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்துட்டேன். நேத்து டீ குடிக்கறப்ப அதைத்தானே சொன்னேன்" என்றார் லூர்து மேரி.

அவருடைய முதல் வீடியோ அது. அம்மா பாத்திரம் தேய்ப்பதைப் படமெடுக்கப் போனார். திரை முழுக்க இருட்டுதான் விழுந்தது. சத்தம் மட்டும் கேட்கும். முதலில் அம்மாவின் சின்னச் சிரிப்பு. பிறகு பாத்திரங்கள் உருள, வீட்டில் ஒருவர் விடாமல் அம்மா திட்டுவார்.

அந்த இருட்டுதான் லூர்து மேரியை நாடு நாடாகக் கூட்டிப்போனது. அதைப் பார்த்துவிட்டு எத்தனையோ கலைஞர்கள் தங்கள் கண்காட்சிகளில் கறுப்புத் திரையை மாட்டினார்கள். செங்கொடியின் முனைவர் பட்ட ஆய்வே அதைப் பற்றித்தான். நாளைக்கு வாய்மொழித் தேர்வு.

"'உழைக்கும் பெண்ணை உலகம் பார்க்க மறுக்கிறது, கலைஞர் உலகத்துக்குக் காட்ட மறுக்கிறார்'னு எழுதி வெச்சிருக்கேன். நாளைக்குப் போய், மறந்துட்டாங்க சார்னு சொல்லவா?"

"கோவம் நல்லாயிருக்கு. இரு, பிடிச்சுக்கறேன்."

கேமரா முக்காலியில் ஏறியது. சிவப்பு விளக்கு எரிந்தது.

செங்கொடி துப்பட்டாவைச் சரிசெய்தாள். முதுகு தானாக நிமிர்ந்தது.

"கருத்தியல் கலையின் வரலாற்றுப் பின்னணியில்…"

"யாருடி இது? இவ்வளவு நேரம் கத்தினவ எங்கே?"

அப்போதுதான் அவள் கவனித்தாள். லென்ஸில் மூடி அப்படியே இருந்தது.

மறுபடியுமா!

சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. சிரிப்பு மட்டும் லேசாக வெளியே வந்துவிட்டது.

செருப்பை உதறினாள். தரையில் சம்மணம் போட்டாள்.

"நீங்க ஒரு ஏமாத்துக்காரி, மேம்" என்று தொடங்கினாள். காப்பியடித்தவர்கள், விருது கொடுத்தவர்கள், தன் நெறியாளர், திட்டு வாங்காமல் ஒருவரும் மிச்சமில்லை. மூச்சு வாங்கிய பிறகுதான் நிறுத்தினாள்.

லூர்து மேரி கேமராவை அணைத்தார்.

"எங்கம்மா சிரிச்சதுக்கு என்ன எழுதியிருக்கே?"

"'எதிர்ப்பின் சிரிப்பு.' ஒரு அத்தியாயமே இருக்கு."

"சரி. இப்ப நீ சிரிச்சியே, அது?"

செங்கொடி கேமராவைப் பார்த்தாள்.

"மேம்… அன்னிக்கு மூடி போட்டிருக்குன்னு உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

லூர்து மேரி மூடியைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"நாளைக்கு உன்னைக் கேள்வி கேட்கறவங்ககிட்ட, நீ இதைக் கேளு."