கடிக்காத செருப்பு

கோடை வந்தால் கல்கூடக் கொதிக்கிற ஓர் ஊரில், கால் வெடிப்போடு ஒரு மிட்டாதார் இருந்தாராம். செருப்புத் தைக்கும் சடையனைக் கூப்பிட்டார்.

“பார்க்கிறவன் அசரணும், என் காலுக்குப் பஞ்சா இருக்கணும். கடிச்சுதுன்னா நீ ஊரைவிட்டே போயிடணும்.”

“புதுச் செருப்பு கடிக்கத்தான் செய்யும் சாமி. எட்டு நாள் போட்டுப் பழக்கினா அடங்கும். என் காலும் உங்க காலும் ஒரே அளவுதான்.”

“அப்போ நீயே போட்டு நட.”

“எங்க தெரு முழுக்க முள்ளு, அழகு கெட்டுடும். உங்க தெருதான் வழவழன்னு இருக்கு. ஆனா அங்க எங்க ஆளுங்க செருப்பைக் கையில தூக்கிட்டுல்ல போகணும்? சாமி போட்ட சட்டம். கையில வச்சா செருப்பு பழகாதுங்களே.”

மிட்டாதாருக்கோ கால் வலித்தது. தலையாட்டினார்.

எட்டு நாளும் சடையன் அந்தத் தெருவில் சரக் சரக்கென்று நடந்தான். மிட்டாதாரே தலையாட்டியதால் ஒருவரும் தடுக்கவில்லை. ஒன்பதாம் நாள் செருப்பு மிட்டாதார் காலில் மெத்தென்று உட்கார்ந்தது. சடையன் பழையபடி வெறுங்காலோடு வீடு திரும்பினான்.

மனைவி பூவாயி தன் உள்ளங்காலில் இருந்த கொப்புளத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

“கெட்டிக்காரன்தான்யா நீ,” என்றாள். “மிட்டாதாரம்மாவுக்கும் ஒரு ஜோடின்னு கேட்டிருந்தா, நானும் எட்டு நாள் நடந்திருப்பேனே.”