சிவக்காத தகடு

நாமக்கல் டிங்கரிங் பட்டறைகளில் "மேஸ்திரி" என்று கூப்பிட்டால் ஒரு பொம்பளை திரும்பிப் பார்ப்பது மயிலாத்தாளின் பட்டறையில் மட்டும்தான். அவளிடம் புதிதாக அலுமினிய வேலை பழக வந்த செங்கோடன் அவளைவிட மூத்தவன். லாரிக்கு இரும்புத் தகடு அடித்தே பாதி ஆயுசைக் கழித்தவன்.

கோழிப்பண்ணைக்காரர் ஒருவரின் வெளிநாட்டு பிக்கப் வண்டி கதவு நசுங்கி வந்திருந்தது. அலுமினியக் கதவு. செங்கோடன் அதன் முன்னால் நின்றான். நினைப்பெல்லாம் மல்லசமுத்திரத்தில். சண்டை போட்டுக்கொண்டு அங்கே தாய்வீடு போன அவன் மனைவி வடிவு இன்னும் திரும்பவில்லை.

"அண்ணி பேசுனாங்களா?" என்றாள் மயிலாத்தாள்.

"நாந்தான் போன்ல கூப்பிட்டேன். 'சாப்பிட்டீங்களா'ன்னா. 'ம்'னேன். வெச்சுட்டா."

"அவ்வளவுதானா?"

"பஸ் ஏறறப்பக்கூட கண்ணு கலங்கலீங்க மேஸ்திரி. 'வாங்க'ன்னு ஒரு வார்த்தை சொன்னா இப்பவே ஓடிருவேன். எம்மேல ஆசை இருந்தா மொகத்துல தெரியாதுங்களா?"

மயிலாத்தாள் பழைய தகட்டில் இரண்டு துண்டு எடுத்துப் போட்டாள். ஒன்று இரும்பு, ஒன்று அலுமினியம்.

"ரெண்டையும் கேஸ் நெருப்புல காய்ச்சுங்கண்ணா. செவந்ததும் சொல்லுங்க."

இரும்பு ஜம்மென்று சிவந்தது.

"இது ஆச்சுங்க!"

"இன்னொண்ணு?"

"வெளுத்தாப்புலயே கெடக்குது. சூடே ஏறல போல."

நெருப்பை இன்னும் கிட்டே கொண்டுபோனான். எங்காவது கொஞ்சம் சிவப்பு தெரியாதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தான். வெளுத்தது வெளுத்தபடியே இருக்க, நடுவில் தகடு பொசுக்கென்று தொய்ந்து ஒழுகிவிட்டது.

"ஐயோ! செவக்கவே இல்லீங்களே!"

"செவக்காதுங்கண்ணா. உருகுறப்பக்கூட அது மொகம் இப்படித்தான் இருக்கும்."

செங்கோடன் நெருப்பை விலக்கிவிட்டு அந்த ஓட்டையைக் குனிந்து பார்த்தான்.

"அப்புறம் எப்படித்தான் தெரிஞ்சுக்கறது?"

அவள் ஒரு சோப்புத் துண்டை எடுத்து, கதவில் பெயின்ட் சுரண்டிய இடத்தில் தேய்த்தாள். நெருப்பைத் தள்ளியே காட்டினாள். சோப்பு மெல்லப் பழுத்துக் கருகியதும், தகடு பதமாகிவிட்டது என்று நெருப்பை எடுத்துவிட்டாள். உள்பக்கமிருந்து மரக் கொட்டாப்புளியால் இரண்டு தட்டு. நசுங்கல் முரண்டு பண்ணாமல் மேலே வந்தது.

"அதுவாச் சொல்லட்டும்னு நின்னா ஓட்டைதான் விழும். நாமதான் முதல்ல கைய வெச்சுத் தடவணும்."

செங்கோடன் கையைக் கழுவினான். சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவன் அங்கேயே நின்றான்.

"நான் போயி, அவ மொகத்தத் திருப்பிக்கிட்டா?"

மயிலாத்தாள் சிரித்துவிட்டாள்.

"திருப்பிக்கட்டும்ங்கண்ணா. மொகத்தப் பாக்கவா போறீங்க?"