நாற்பத்திரண்டாவது படி

பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடம். அதில் வேதமூர்த்தி என்றொரு மேனேஜர். அவரைக் கேட்காமல் அங்கே ஃபேன்கூடச் சுற்றக் கூடாது. கம்ப்யூட்டர் சர்வர் படுத்தால் எழுப்பும் வழிமுறையை, ரன்புக் என்ற பெயரில், நாற்பத்திரண்டு படிகளாக அவரே எழுதியிருந்தார். எழுப்ப ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் ஆகும். பழி மட்டும் காண்ட்ராக்டில் வேலை பார்த்த செங்கமலத்தின் தலையில்.

"வெள்ளிக்கிழமை கம்பெனி டைரக்டர் முன்னாடி ஒத்திகை. பத்து நிமிஷத்துல எழுப்பணும். என் படியில ஒண்ணுகூட விடக் கூடாது. முடியலைன்னா திங்கட்கிழமை வராதேம்மா."

"சரி சார்."

ஒவ்வொரு படியையும் கம்ப்யூட்டரே செய்து, ஆன நேரத்தையும் திரையில் காட்டும்படி அமைத்தாள்.

வெள்ளிக்கிழமை பட்டனைத் தட்டினாள். நான்கே நிமிடத்தில் நாற்பத்தோரு படிகள் ஓடின. பிறகு அப்படியே நின்றது.

"பார்த்தீங்களா சார், இந்தப் பொண்ணால ஆகாதுன்னேன்," என்று ஆரம்பித்த வேதமூர்த்தி, அரை மணி நேரம் நிறுத்தவில்லை.

டைரக்டர் கண்ணாடியை மாட்டித் திரையைப் படித்தார். "படி 42: வேதமூர்த்தியின் ஒப்புதல். அவர் செல்போனுக்குச் செய்தி போயிற்று. காத்திருப்பு: முப்பத்தொரு நிமிடம்."

டைரக்டருக்கு மரியாதையாக சைலண்ட்டில் போட்டிருந்த போனைத் தேடி வேதமூர்த்தியின் கை பாக்கெட்டுக்குள் போனது.

"இந்தப் படியை எடுத்துடும்மா," என்றார் டைரக்டர்.

"எடுக்கலாம் சார். ஆனா எந்தப் படியை எடுக்கவும் வேதமூர்த்தி சார் ஒப்புதல் வேணும்னு முதல் பக்கத்துலயே போட்டிருக்கார்."

டைரக்டர் திரும்பிப் பார்த்தார். அந்தக் கம்பெனி தொடங்கிய நாள் முதல் இல்லாத அதிசயமாக, வேதமூர்த்தி உடனே ஒப்புதல் கொடுத்தார்.