மன்னர் கேட்ட தண்ணீர்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டின் அரியணை நாள் விருந்தில் இருந்தவர்கள் இவர்கள்: மன்னர் இளவழுதி, அமைச்சர் அனந்தபத்மர், சாயக்காரத் தெரு பொம்மக்காள், வாயிற்காவலர்கள், எங்கள் முன்னோரான அரசவை விகடர் கூத்தபிரான். தம் பாட்டனாரும் அங்கே இருந்ததாகச் சொல்லித் திரிகிறவர்களை நம்ப வேண்டாம்.

அந்நாட்டுச் சாயத்துணி கடல் கடந்து விற்றது. கருவூலம் நிரம்பியது. பட்டறைக் கழிவோ குடிநீர்க் கிணற்றில் இறங்கியது. குறை சொல்லி யார் வந்தாலும் ஒரு பொற்காசு கொடுத்து அனுப்பிவிடுவது அமைச்சரின் ஏற்பாடு. மன்னருக்கு அதில் அப்படியொரு பெருமை.

விருந்து தொடங்கும் வேளையில் பொம்மக்காள் கையில் செம்போடு வந்து நின்றாள்.

"சாமி, கெணத்துத் தண்ணி செவந்து கெடக்கு. எம்புள்ள குடிச்சுக் குடிச்சு வாந்தி எடுக்குறான்."

அமைச்சர் ஒரு காசை நீட்டினார்.

"போன தடவையும் இதத்தான குடுத்தீக? இதக் கரைச்சா ஊத்துறது?"

கூத்தபிரான் எழுந்துவிட்டார். "அரசே, இதுவும் ஒரு ஆட்சியா? தண்ணீர் கேட்டவள் கையில் உலோகத்தைத் திணிப்பதா?"

அமைச்சர் இதற்காகவே காத்திருந்தவர். "பொன் போதாது என்று மன்னரே தம் வாயால் சொல்லட்டும், ஒப்புக்கொள்கிறேன். விருந்து முடிவதற்குள் விகடர் சொல்லவைக்காவிட்டால், அவர் குடும்பத்தின் சபை உரிமையைப் பறிக்க வேண்டும்."

"நல்ல பந்தயம், ஆகட்டும்!" என்றார் மன்னர்.

அந்த உரிமை சாதாரணமானதல்ல. அரியணை நாளில் மன்னரின் முதல் கவளம் மிளகு உருண்டை. அதைக் கொடுப்பதும், பிறகு தண்ணீர் கொடுப்பதும் எங்கள் குடும்பத்தார் மட்டுமே. வேறு யார் கையால் நீர் அருந்தினாலும் மன்னரின் முடி செல்லாது.

கூத்தபிரான் உருண்டையைக் கொடுத்தார். மன்னர் மென்றார், கண் சிவந்து கையை நீட்டினார். உள்ளங்கையில் ஒரு பொற்காசு விழுந்தது.

"என்ன இது?"

"குறைக்கு மருந்து, அரசே. தங்கள் ஏற்பாடு."

மன்னர் விக்கினார். இன்னொரு காசு விழுந்தது. அமைச்சர் குவளையோடு ஓடிவந்தார். காவலர்கள் வேல்களைக் குறுக்கே நீட்டினார்கள்.

"தண்ணீர் கொடய்யா! காசை வைத்து நான் என்ன செய்ய? நாக்கு எரிகிறது!"

"சபையோர் கேட்டீர்களா?" என்ற கூத்தபிரான், பொம்மக்காளின் செம்பை வாங்கி நீட்டினார். உள்ளே ரத்தமாய்ச் சிவந்த நீர்.

"இதையா குடிப்பது?"

"அவள் பிள்ளை குடிக்கிறான், அரசே."

மன்னர் விக்கலோடு கத்தினார்: "பட்டறைக் கழிவை இன்றே தடுத்து நிறுத்துங்கள்! அந்தத் தெருவுக்கு நல்ல கிணறு வெட்டுங்கள்! அதுவரை அரண்மனைக் கிணறு அவர்களுக்குத் திறந்திருக்கட்டும்!"

அதன் பிறகே கூத்தபிரான் நல்ல தண்ணீரைக் கொடுத்தார். மன்னர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். கழுத்து முத்தாரத்தைக் கழற்றினார்.

"அது வேண்டாம். இனி ஒவ்வோர் அரியணை நாளிலும் தாங்கள் அருந்தும் தண்ணீர் சாயக்காரத் தெருக் கிணற்றிலிருந்து வரவேண்டும்," என்றார் கூத்தபிரான்.

மன்னர் சிரிப்பதை நிறுத்தி, சம்மதித்தார். அப்புறம் அந்தக் கிணற்றை அமைச்சரே போய்ப் பார்த்துக்கொண்டார்.

அன்று உருண்டையில் எங்கள் முன்னோர் மிளகைக் கூட்டிவிட்டார் என்று ஒரு பேச்சு உலவுகிறது. பொய். எப்போதும் போடுகிற அளவுதான். முந்தைய ஆண்டுகளில் மன்னருக்குத் தண்ணீர் உடனே கிடைத்தது.