கடிபடாத மாம்பழம்

எந்த ஊர், எந்த வருஷம் என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள். ஒரு ராஜாவுக்கு மாம்பழப் பைத்தியமும் சீட்டுப் பைத்தியமும் ஒரே கோடையில் பிடித்தன, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அரண்மனை மண்டபத்திலேயே ஆட்டம் தொடங்கினார். ஒரு பக்கம் ராஜா கை, மறுபக்கம் குடிகள் கை. கைக்கு இரண்டோ மூன்றோ சீட்டு விழும். கூட்டிப் பத்தை எட்டினால் பத்துப் பத்தாகத் தள்ளிவிட வேண்டும். ஒன்பதுக்குக் கிட்டத்தில் வரும் கை ஜெயித்தது. யார் வேண்டுமானாலும் எந்தக் கையின் மேலும் ஒரு மாம்பழம் பந்தயம் கட்டலாம். ஜெயித்தால் அரண்மனை இன்னொரு பழம் தரும்.

ராஜா கை கடைசியில் சீட்டு எடுப்பதால் கொஞ்சம் கூடுதலாக ஜெயிக்கும். அதற்கு ஈடாக, ராஜா கையில் கட்டி ஜெயித்தவனின் பரிசுப் பழத்தில் இருபதில் ஒரு பங்கு அரண்மனைக்கு. அந்தப் பங்கை எடுக்கிறவர் அதிகாரி திருமலைக்கொழுந்து. எப்படி எடுப்பார் என்கிறீர்களா? கடித்து எடுப்பார். "கத்தி கூடக்குறைய வெட்டும் மகாராஜா, அடியேன் பல் தப்பாது" என்று சொல்லி வாங்கிய உத்தியோகம் அது.

ஜெயித்தவர்கள் முகம் சுளித்தார்கள். "எச்சிப் பழத்தக் கொண்டுபோனா எம் பொண்டாட்டி என்னை வாசல்லயே நிறுத்திடுறா சாமி" என்று ஒரு வண்டிக்காரன் ராஜாவிடமே முறையிட்டான். ராஜாவுக்குச் சங்கடமாகிவிட்டது.

திருமலைக்கொழுந்துக்கோ உள்ளுக்குள் குதூகலம். ராஜாவின் வலப்பக்கத்து ஆசனத்தின் மேல் அவருக்குப் பதினோரு வருஷமாகக் கண். அதில் உட்கார்ந்திருந்தவன் விகடகவி ஆவுடையப்பன். அவன் வாயைத் திறந்தால் சபை சிரிக்கும். இவர் வாயைத் திறந்தால் சபை பல்லைப் பார்க்கும். அதை நினைத்தாலே மனுஷருக்குச் சோறு இறங்காது.

"மகாராஜா, இதைத் தீர்க்க ஆவுடையப்பனை விட்டால் ஆளில்லை" என்றார் தேனொழுக. "ஜெயித்தவன் கையிலுள்ள பழத்தை இனி எவரும் தொடலாகாது. அரண்மனைப் பங்கும் குறையலாகாது. பதினைந்து நாளில் நடத்திக் காட்டட்டும். தவறினால் அந்த ஆசனம்..."

"உமக்கு" என்றார் ராஜா, யோசிக்காமலே.

ஆவுடையப்பன் எழுந்து வணங்கினான். "ஆகட்டும் மகாராஜா. இனி பங்கே வேண்டாம். ராஜா கை ஜெயித்தால் முழுப் பழம். ஆறு என்ற எண்ணில் ஜெயித்தால் மட்டும் அரைப் பழம். அதையும் இங்கேயே வெட்டித்தான் கொடுப்போம். ஜெயித்தவன் கைக்குப் போன பழத்தை ஒருவரும் தொடமாட்டோம்."

மறுநாள் முதல் மண்டபம் கொள்ளவில்லை. முழுப் பழத்தை முகர்ந்து பார்த்துக்கொண்டே ஜனம் வீட்டுக்குப் போனது. ஆறு விழுந்தால் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். சீட்டைத் திட்டினார்களே தவிர, ராஜாவைத் திட்டவில்லை.

வேலை போன திருமலைக்கொழுந்து தூணோரம் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு சிரிப்புக்கும் வயிறு எரிந்தது. அரண்மனைக்கு நஷ்டம் என்று நிரூபித்தே தீருவேன் என்று கரித்துண்டால் தூணில் கோடு போட்டார். ஒரு வெற்றி விடவில்லை. சாப்பாட்டுக்கு ஆள் வந்தால் திருப்பி அனுப்பினார். பதினான்காம் நாள் கூட்டிப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அரண்மனைக்கு வரும்படி கூடியிருந்தது! பிறகு மெல்லச் சிரித்தார். அப்படியானால் பயல் குடிகளை ஏமாற்றுகிறான். அதைவிடப் பெரிய குற்றம் உண்டா?

பதினைந்தாம் நாள் சபை கூடியது. "அரண்மனைப் பங்கு குறையவில்லை என்று எப்படி நம்புவது?" என்று கேட்டார் ராஜா.

ஆவுடையப்பன் தலையைச் சொறிந்தான். "நான் எண்ணி வைக்கவில்லையே, மகாராஜா."

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆசனம் அதிகாரிக்கு. ஆனால் பதினைந்து நாள் வெந்த வயிறு சும்மா இருக்குமா? துள்ளி எழுந்தார்.

"மோசம், மகாராஜா! ராஜா கையில் கட்டியவர்கள் ஆயிரம் முறை ஜெயித்தார்கள். நான் கடித்திருந்தால் ஐம்பது பழத்தளவு வந்திருக்கும். இவன் அரையரையாக ஐம்பத்தெட்டுப் பழம் பிடித்துவிட்டான். ஒவ்வொன்றையும் நானே எண்ணினேன்!"

"குறையவில்லை என்று அதிகாரியே சாட்சி சொன்ன பிறகு அடியேன் என்ன சொல்ல?" என்றான் ஆவுடையப்பன்.

ராஜாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கிக்கொண்டு வண்டிக்காரனைக் கூப்பிட்டார். "எட்டுப் பழம் கூடுதலாகப் போயிருக்கிறதாம். பழையபடி கடித்துத் தரச் சொல்லட்டுமா?"

"ஐயையோ, வேணாம் சாமி. இன்னும் எட்டு வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். அந்த எட்டுப் பழத்தையும் பொன் தட்டில் வைத்து ஆவுடையப்பனுக்கே கொடுத்தார். அவன் ஏழு பழத்தைக் கூட்டத்துக்கு வாரிக் கொடுத்தான். எட்டாவதைச் சரிபாதியாக வெட்டி, ஒரு பாதியை அதிகாரியிடம் நீட்டினான். "சாட்சிக் கூலி, ஐயா."

சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்ததால் திருமலைக்கொழுந்து அதைக் கடித்தே ஆகவேண்டியிருந்தது. கடித்தார். பழம் தேனாக இனித்தது. அதைத்தான் அவரால் தாங்கவே முடியவில்லை.