மோர் குடித்த சார்ஜர்

கயத்தாறு பைபாஸ்ல, என் டீக்கடைக்குப் பக்கத்துல, கரண்ட் வண்டிக்கு சார்ஜர் வச்சு மூணு மாசமாச்சு. ரிப்பன் புதுசு, பெயிண்ட் புதுசு, டிரான்ஸ்பார்மர் மட்டும் பழசு. எதிர்த்தாப்புல ரைஸ்மில் ஓடுனா சார்ஜர்ல சிவப்பு லைட் எரிஞ்சு நின்னுரும். அதைப் பாத்துக்கிற ஆள் வயர்மேன் அய்யாக்குட்டி. சார்ஜர் நின்னாலும் அவர் வாய் நின்னதா எனக்கு ஞாபகம் இல்ல.

அன்னைக்கு மூணு மணிக்கு ஆட்டோ ஓட்டுற முப்பிடாதி வந்து நின்னா. வண்டியில ரெண்டு பர்சென்ட் சார்ஜ். நாலு மணிக்குப் பள்ளிக்கூட வாசல்ல ஏழு பிள்ளைங்க அவளுக்காகக் காத்து நிக்கும். பிளக்கைச் சொருகினா. மில்லு ஓடுது, சிவப்பு லைட்.

"அண்ணாச்சி, இது எப்ப சரியாவும்?" ன்னு என் கடை பெஞ்சுல இருந்த அய்யாக்குட்டியைக் கேட்டா.

"இந்த சார்ஜரையா கேக்கே? இது யாரு போட்டது தெரியுமா தாயி? ஊர்ல எல்லாவனும் எர்த் குழிக்குத் தண்ணி ஊத்துவான். நான் ஒரு குடம் மோர் ஊத்தினேன். கரண்ட் குளுகுளுன்னு வந்துச்சு பாரு! முத வந்த ஸ்கூட்டர் ரெண்டே நிமிசத்துல நிறைஞ்சு, கரண்ட் வழிஞ்சு ஓடுச்சு. கீழ வாளி வச்சுப் பிடிச்சேன். அந்த ஒரு வாளியில எங்க தெருவுல நாலு கிரைண்டர் ஓடுச்சு."

"மாவு சீக்கிரம் புளிச்சிருக்குமே" ன்னேன் நான்.

"நீ டீயை ஆத்துடே."

"சிவப்பு லைட்டு, அண்ணாச்சி" ன்னா முப்பிடாதி.

"பொறு தாயி. ஒருநாள் அவசரத்துல வயரை மாத்திக் கொடுத்துட்டேன். கரண்ட் லைன்ல இருந்து வண்டிக்கு வராம, வண்டியில இருந்து லைனுக்குப் போயிருச்சு. இங்க நிக்கிற காத்தாலை அம்புட்டும் ஃபேனா மாறிச் சுத்துது! அடிச்ச காத்துல நம்ம மேகமெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் ஓடிருச்சு. கேரளாவுல குடை விக்கிறவன் போன் போட்டு எனக்கு நன்றி சொன்னான்."

டீ குடிச்சிட்டிருந்த லாரி டிரைவருக்குப் புரையேறிருச்சு. "ஒத்த ஸ்கூட்டர் கரண்ட்லயா?"

"மோர் குடிச்ச ஸ்கூட்டருடே!"

முப்பிடாதி போன்ல மணி பாத்தா. மூணு இருபத்தஞ்சு. "பிள்ளைங்க வெயில்ல நிக்கும் அண்ணாச்சி" ன்னா. எனக்கே பாவமா இருந்துச்சு. அந்த மனுசன் நிறுத்தணுமே!

"இதென்ன பிரமாதம்? போன மாசம் தென்காசி போற கரண்ட் பஸ்ஸு. டிரைவர் பிளக்கைக் கழட்டாமலே எடுத்துட்டான். நான் போட்ட கேபிள் அறுமா? சார்ஜர், டிரான்ஸ்பார்மர், பதினெட்டு போஸ்ட், எல்லாம் பஸ்ஸுக்குப் பின்னாலேயே போகுது. போற வழி ஊருக்கெல்லாம் ஓசி கரண்ட்! தென்காசியில போய்த்தான் பிடிச்சேன். அம்புட்டையும் இந்த ரெண்டு கையால, ஒத்த ஆளா இழுத்துட்டு வந்து இங்க நட்டேன். மூச்சுகூட வாங்கல, சத்தியமா!"

முப்பிடாதி பிளக்கை உருவினா.

"ஒத்த ஆளாவா அண்ணாச்சி?"

"ஒத்த ஆளா!"

அவ ஆட்டோவுல ஏறி உக்காந்து, பிரேக்கை விட்டு, ஹேண்டிலைப் பிடிச்சா.

"பள்ளிக்கூடம் ரெண்டு கிலோமீட்டர்தான். பின்னால போய்த் தள்ளுங்க."